துக்க வீட்டுக்காக நிறுத்திய சத்தம்

பக்கத்து வீட்டுக்காரர் காலமான அன்று காலையில்தான் எங்கள் முன்னறையில் இருந்த டிஸ்க்குப் பெட்டியும் கத்தத் தொடங்கியது. கீக், கீக் என்று விட்டு விட்டு, ஒரே அளவாக. எங்கேயோ மணிக்கூடு ஒன்று அடித்தபடி கிடக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

என் மகன் வீடியோ எடுக்கிறவன். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று எது நடந்தாலும் கமராவைத் தூக்கிக்கொண்டு போவான். அவன் எடுத்துவருவதை மருமகள் கணினியில் வைத்து வெட்டி ஒட்டிச் சீராக்குவாள். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். பெரிய பெட்டி இல்லை. கிறிஸ்மஸுக்கு விற்கிற பிஸ்கற் ரின் அளவு. அதன் முகத்தில் நாலு தட்டு, தட்டுக்கு ஒரு டிஸ்க், டிஸ்க்குக்கு ஒரு சின்னப் பச்சை விளக்கு.

ஏன் நாலு என்று ஒருநாள் மருமகளிடம் கேட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த அறையில் உள்ள சாமான்களைப் பற்றிக் கேட்கவே எனக்குக் கூச்சம். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"மாமி, ஒரு வீடியோவை இது நாலிலையும் பிரிச்சுப் பிரிச்சு எழுதும். ஒரு டிஸ்க் பழுதாப் போனாலும் மற்ற மூண்டையும் வைச்சு, போனதிலை என்ன இருந்தது எண்டு கணக்குப் போட்டு எடுத்திடும்."

"அப்ப ரண்டு பழுதாப் போனால்?"

"அப்ப முடிஞ்சுது."

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒன்று போனால் மூன்று காப்பாற்றும். இரண்டு போனால் காப்பாற்ற ஆள் இல்லை.

அன்று காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் சாவு என்றால் மற்ற வீடுகளில் ரேடியோ, ரிவி எல்லாம் நின்றுவிடும். பிள்ளைகளைக்கூட உரத்துக் கதைக்க விடமாட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் வீட்டு யன்னலால் கீக் கீக் என்று சத்தம் போனது. பக்கத்து வீட்டுக்காரியின் தமையன் வேலியடிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, என்ன உங்கை குருவிக்குஞ்சு வளக்கிறியளோ? பிரேதம் வாற நேரம். உதை ஒருக்கா நிப்பாட்டும்."

மகனுக்கு முகம் கறுத்துப் போனது. உள்ளே ஓடிவந்து பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தான். சத்தம் நின்றது. "எதுக்குக் கத்தினது?" என்று மருமகள் குசினியில் இருந்து கேட்டாள். "ஒரு டிஸ்க் ஏதோ சொல்லுது. செத்தவீடு முடியட்டும், பேந்து பாப்பம்" என்றான். இரண்டாவது தட்டின் விளக்கு மட்டும் பச்சையில் இருந்து செம்மஞ்சளாக மாறியிருந்தது. பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியாது. சத்தம் நின்றதில் எனக்கும் நிம்மதிதான். மரியாதைக்குச் செய்த காரியம்.

பக்கத்து வீட்டுக்காரி எனக்கு இளையவள். என்னை அக்கா என்பாள். அவளுக்கு இருப்பது ஒரே மகள். அந்தப் பிள்ளை பிரான்சில். போய் ஐந்தாறு வருடமாகியும் அங்கே அவளுக்கு இன்னும் வதிவிடக் காட் கிடைக்கவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. தகப்பன் வருத்தமாய்க் கிடந்தபோதும் வரமுடியவில்லை, செத்தபோதும் வரமுடியவில்லை.

அதனால் கிரியை எல்லாவற்றையும் மகன் போனில் நேரடியாக அவளுக்குக் காட்டுவது என்றும், கமராவில் முழுவதையும் எடுத்துக் கொடுப்பது என்றும் ஏற்பாடு. அவன் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தவன். பெற்ற தகப்பனின் காரியம் போலத்தான் ஓடித் திரிந்தான்.

அன்று பிரேதத்தின் தலைமாட்டில் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். நான் பின்னால் பெண்களோடு ஒதுங்கி நின்றேன். ஆட்களுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு வராது. ஆனால் அவள் திரும்பிப் பார்த்து என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திவிட்டாள். பிறகு அந்தக் கையை விடவே இல்லை. அப்படித்தான் நான் எல்லாவற்றுக்கும் கிட்ட இருக்க நேர்ந்தது.

மகன் கமராவோடு எங்களுக்கு முன்னால் நின்றான். பக்கத்தில் ஒரு தாங்கியில் போன் நின்றது. ஐயர் கும்பம் வைக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் போனில் லைன் போய்விட்டது. சனம் கூடினால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான், ஒருவருக்கும் சிக்னல் எடுக்காது. மகன் போனைக் குடைந்து பார்த்தான், விட்டுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கவில்லை.

"பிள்ளை பாக்கிறாளோ, தம்பி?" என்று கேட்டாள்.

"ஓம் சின்னம்மா, பாக்கிறா" என்றான் மகன்.

பொய்தான். ஆனால் முழுப் பொய் இல்லை என்று அவன் நினைத்திருக்கிறான். கமரா ஓடிக்கொண்டிருந்தது. இன்று பார்க்காவிட்டாலும் பிறகு பார்ப்பாள், தாய் சொன்னதைக் கேட்பாள். அந்த நம்பிக்கையில் சொன்னது. அவளும் அதை நம்பிக் கமராவைப் பார்த்து மகளோடு கதைக்கத் தொடங்கினாள். பிரேதம் எடுக்கும்வரைக்கும் இடைக்கிடை கதைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று பின்னேரம் மகன் சுடலையால் வந்து தலை தோய்ந்துவிட்டு, கமராவில் இருந்ததை எல்லாம் பெட்டிக்குள் ஏற்றினான். அடுத்த நாள் விடியத் தொண்டைமானாற்றில் சந்நிதிக் கோயிலில் ஒரு கலியாணம். கமராவின் மெமரி காட்டுகளை அழித்து வெறுமையாக்கி எடுத்துக்கொண்டு போனான். எப்போதும் செய்கிற வேலைதான். பெட்டிக்குள் போனால் பத்திரம்.

அதற்குப் பிறகு வேலைக்கு மேல் வேலை. பெட்டி கத்தவில்லை. ஒருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

எட்டாம் நாளில் படைக்கிற எட்டுச் செலவு முடிந்த பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்து எங்கள் கிணற்றடியில் என்னோடு இருந்தாள்.

"அக்கா, பிள்ளை ஒவ்வொரு நாளும் கேட்டு அழுகிறாள். லைன் நிண்டு போச்சாமே. தனக்குக் கும்பம் வைச்சது மட்டுந்தான் தெரிஞ்சதாம். அதுக்குப் பிறகு நீங்கள் என்னோடை கதைச்சனீங்களாமே, என்னம்மா சொன்னனீங்கள் எண்டு கேக்கிறாள்."

"நீ என்ன சொன்னனி?"

"எனக்கு என்ன ஞாபகம் அக்கா இருக்கு? நான் அங்கை இருந்தனானோ எண்டே எனக்குத் தெரியாது. தம்பியின்ரை வீடியோவிலை பார் பிள்ளை எண்டு சொன்னனான். அந்தியேட்டிக்கு முதல் கிடைச்சால் நல்லது. அண்டைக்குத் தன்ரை அறையிலை விளக்குக் கொளுத்தி வைச்சிட்டு இருந்து பாக்கப் போறாளாம்."

அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில். முப்பத்தோராம் நாள். நாள் கிடக்கிறதுதானே என்று நானும் சொன்னேன்.

மருமகள் அந்தச் செத்தவீட்டு வீடியோவை வெட்டுவதற்கு எடுத்தபோதுதான் பிடித்தது சனி. படம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், பிறகு ஒரேயடியாய் உறைந்து நிற்கும். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கணினியில் திறந்து பார்த்தாள். ஒரு டிஸ்க் செத்து நாளாகிவிட்டது என்று அதில் சிவப்பாக எழுதிக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, இது செத்தவீட்டண்டைக்கே நிண்டிருக்கு. நீங்கள் சத்தத்தை நிப்பாட்டினது, பேந்து திருப்பிப் போடேல்லையே?"

மகன் உடனே வெளிக்கிட்டான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய்ப் புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தான். ராகுகாலம் முடியும்வரை அதை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தான். முடிந்ததும் பழையதைக் கழற்றிப் புதியதைத் தட்டில் ஏற்றினான். விளக்குகள் நாலும் மினுங்கத் தொடங்கின. மற்ற மூன்றும் சேர்ந்து புதியதுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன, அது எழுதிக்கொள்கிறது, முடிய எல்லாம் பழையபடி வந்துவிடும் என்றான்.

மருமகளுக்கு அது பிடிக்கவில்லை.

"முதல் இருக்கிறதை வெளியிலை ஒரு கொப்பி எடுப்பம் எண்டு சொல்லுறன். மூண்டிலை தொங்கிக்கொண்டு நிக்குது."

"உமக்கு விளங்காது. அது கட்டி முடிஞ்சால் தன்ரை பாட்டிலை எல்லாம் வரும். கொப்பி எடுக்க வெளிக்கிட்டால் இன்னும் நாள் போகும்."

"எனக்கு விளங்காதுதான். நீங்கள் விளங்கித்தானே அதின்ரை வாயைப் பொத்தினீங்கள்."

நான் குசினிக்குள் போய்விட்டேன். அவர்கள் சண்டை பிடித்தால் எனக்குக் கிட்ட நிற்க ஏலாது. ஆனால் அன்று முழுதும் அடிக்கடி அந்த அறை வாசலில் போய் நின்று பார்த்தேன். கணினியில் ஒரு நீலக் கோடு மெல்ல மெல்ல நீண்டுகொண்டு வந்தது. அரைவாசி தாண்டியது. மனம் கொஞ்சம் ஆறியது. அடுத்த நாள் காலை பார்த்தால் கோடு இல்லை. புதுத் தட்டின் விளக்கு மறுபடி செம்மஞ்சள்.

மகன் புது டிஸ்க் பிழை என்றான். கொண்டுபோய்க் கடைக்காரரை ஏசி வேறொன்று மாற்றி வந்தான். அதையும் போட்டான். கோடு நீண்டது, நின்றது. தட்டை மாற்றிப் பார்த்தான். வயரை மாற்றினான். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று சொல்லிக் கரண்ட் சீராக்குகிற சாமான் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கிப் பூட்டினான். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்து இடி இடித்தது. இடி இடித்தால் வீட்டில் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுவது நான்தான். அன்று அறை வாசலில் போய் நின்று, கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் மகனின் முகத்தைப் பார்த்தேன். "அதிலை கை வையாதேங்கோ அம்மா" என்றான். குரல் உடைந்திருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தோம். அந்த முறையும் கோடு நின்றது.

மருமகள்தான் சொன்னாள்.

"ஒவ்வொரு முறையும் அதே இடத்திலை தானே நிக்குது. புதுசிலை பிழை எண்டால் ஒவ்வொண்டும் ஒவ்வொரு இடத்திலை எல்லோ நிக்கும்?"

மகன் அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் குருநகரில் இருக்கிற ஒரு ஆளுக்குப் போன் எடுத்தான். கடைகளுக்கும் பாங்குகளுக்கும் கொம்பியூட்டர் திருத்துகிறவர். போனை உரத்து வைத்ததால் எனக்கும் கேட்டது.

"எத்தினை தரம் கட்டப் பாத்தனீங்கள் அண்ணை?"

மகன் சொன்னான்.

"அட கடவுளே. இனிக் கை வையாதேங்கோ. நிப்பாட்டிப்போட்டு இருங்கோ, நான் வாறன். புதுசிலை ஒரு பிழையும் இல்லை. பழைய மூண்டிலை ஒண்டுக்கு ஏலாமல் கிடக்கு. அதிலை ஒரு இடம் வாசிக்க முடியேல்லை. அந்த இடத்துக்கு வரேக்கை எல்லாம் நிக்குது. நீங்கள் ஒவ்வொரு தரமும் அந்தக் கிழவனைக் கொண்டு மலை ஏத்துறியள்."

இதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. அந்தியேட்டி கிட்ட வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொரு நாளும் வேலியடிக்கு வருவாள். வேறு எதுவோ கேட்கிற மாதிரித் தொடங்குவாள். முருங்கைக்காய் வேணுமோ அக்கா, மழை வருமோ அக்கா. கடைசியில், "தம்பிக்கு வேலை கூடப்போலை" என்பாள். அதற்கு மேல் கேட்கமாட்டாள். அவளும் என்னைப் போலத்தான். "ஓம், கொஞ்சம் சுணங்குது" என்று சொல்லிவிட்டு நான் குனிந்து வேலையைப் பார்ப்பேன். என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

ஒருநாள் அவள் கீரிமலைக்கு வாடகைக்கு வான் பேசியிருப்பதாகச் சொன்னாள். "நீங்களும் வாங்கோ அக்கா. வீடியோவைப் பிள்ளைக்கு அனுப்பிப்போட்டம் எண்டால் மனம் ஆறிப் போகலாம்" என்றாள். வாறன் என்று தலையாட்டினேன்.

குருநகர்க்காரர் வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. கதைத்துக்கொண்டே வேலை செய்கிற மனிசன். சத்தத்தை நிறுத்திய கதையை மகன் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல, அவர் சிரித்துவிட்டார்.

"செத்தவீட்டுக்காக வாயைப் பொத்தினது சரி அண்ணை. எட்டுச் செலவோடையாவது திறந்து விட்டிருக்கலாம்."

மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகனுக்கு வரவில்லை.

அவர் அந்த ஏலாத டிஸ்க்கை வெளியே எடுத்துத் தன்னுடைய கருவி ஒன்றில் பூட்டினார். வாசிக்க முடிந்ததை எல்லாம் வேறு டிஸ்க் ஒன்றுக்கு மாற்றுவது, முடியாத இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போவது, கடைசியில் வந்து அந்த இடத்தை மெதுவாகத் திரும்பவும் கேட்டுப் பார்ப்பது. அப்படித்தான் செய்யவேணும் என்றார். அது ஊர்ந்து ஊர்ந்துதான் நடந்தது. அவர் ஒருநாள் முழுக்க இருந்தார், போனார், அடுத்த நாள் வந்தார். நான் தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் போய் நிற்பேன்.

எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்கக் கூச்சம். கடைசியில் மருமகளின் காதுக்குள் சொன்னேன். முதலில் கழற்றிய டிஸ்க் மேசை லாச்சிக்குள்தானே கிடக்கிறது, அதிலும் கொஞ்சம் இருக்குமே, அதைக் கேட்டுப் பார்க்கக் கூடாதோ என்று. அவள் அதை அவரிடம் உரத்துக் கேட்டுவிட்டாள். "மாமி கேக்கிறா" என்று வேறு சொன்னாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அதைத்தான் நான் முதல் பாத்தனான் அம்மா. அது கொஞ்சம் கதைக்குது. பழைய கலியாணங்கள் எல்லாத்தையும் அதையும் வைச்சு எடுத்திடலாம், பயமில்லை. ஆனால் அது செத்தவீட்டண்டு காலமையே படுத்திட்டுது. அதுக்குப் பிறகு எழுதினது ஒண்டும் அதுக்குத் தெரியாது. செத்தவீடு மூண்டிலைதான் இருக்கு. அதிலை ஒண்டு இந்தக் கிழவன்."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. பெட்டி அன்று கத்தியது அதற்காகத்தான். இனி வருவதற்குக் காவல் இல்லை என்று சொல்லத்தான் கத்தியது. நாங்கள் அந்த வீட்டுத் துக்கத்துக்கு மரியாதை செய்கிறோம் என்று அதை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுத் துக்கத்தையே கொண்டுவந்து காவல் இல்லாத இடத்தில் வைத்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் பெட்டியை ஒருவாறு எழுப்பினார். கலியாணங்கள் எல்லாம் வந்தன. சந்நிதிக் கலியாணமும் தப்பிவிட்டது. செத்தவீடு இரண்டு பெரிய துண்டாக இருந்தது. ஒன்று வீட்டில் நடந்தது. மற்றது ஒழுங்கை முகப்பில் இருந்து சுடலை வரைக்கும். மருமகள் சுடலைத் துண்டைத் திறந்தாள். திறந்தது. கறை ஒன்றும் இல்லாமல் ஓடியது. ஆம்பிளைகள் நடந்து போகிறார்கள், கொள்ளிக்குடம் உடைகிறது, விறகு அடுக்குகிறார்கள்.

வீட்டுத் துண்டு திறக்கவில்லை. குருநகர்க்காரர் பலவிதமாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கொஞ்சம் வந்தது. கும்பம் வைக்கிற இடம். பிறகு பச்சைப் பச்சையாய்க் கட்டம் கட்டமாக உடைந்து, ஐயரின் முகம் பந்தலுக்குள் கரைந்து, சத்தம் கரகரத்து நின்றது. அந்தப் பிள்ளை போனில் எதுவரைக்கும் பார்த்தாளோ கிட்டத்தட்ட அதுவரைக்கும்தான்.

"மிச்சம்?" என்று மகன் கேட்டான்.

"மிச்சம் அந்த வாசிக்க ஏலாத இடத்திலை விழுந்திட்டுது அண்ணை. கொழும்பிலை டிஸ்க்கை உடைச்சுத் திறந்து பாக்கிற ஆக்கள் இருக்கினம். ஆனால் நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டன். நல்லாத் தேஞ்சு போச்சு." கருவியைக் கழற்றிக்கொண்டே, "முதல்தரம் நிண்டவுடனை விட்டிருந்தால் ஒருவேளை" என்று தொடங்கியவர், மகனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகன் எழும்பிப் பின்வளவுக்குப் போனான். தோட்டத்துக்குள் நின்று வாழைக்குப் பாத்தி கட்டுகிறவன் போல மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றான். நான் போனேன்.

"அம்மா, நான் சின்னம்மாட்டை பாக்கிறா எண்டு சொன்னனான்."

"எனக்குத் தெரியும்."

"நான் எப்பிடிப் போய்ச் சொல்லுறது? எனக்கு ஏலாது."

அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. போய்ச் சொல்ல எனக்கும்தான் ஏலாது. கடைக்குப் போய் மிச்சக் காசு கேட்கவே நா எழாதவள் நான். ஆனால் அவள் அந்தியேட்டிக்கு வான் பேசிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒருநாள் "சுணங்குது" என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். அவள் விறாந்தையில் இருந்து அந்தியேட்டிக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வந்திட்டுதோ அக்கா?" என்று கேட்டாள்.

"சுடலைக்குப் போனது வந்திட்டுது. வீட்டிலை நடந்தது வரேல்லை. இனி வராது."

அவ்வளவுதான் சொன்னேன். நடந்து வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அவள் கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"சுடலைக்குப் போனதோ? அதை நான் பாக்கிறேல்லை அக்கா. பொம்பிளையள் எங்களுக்குப் படலையோடை சரி, சுடலைக்குப் போறேல்லை. அதை என்னண்டு பிள்ளைக்குக் காட்டுறது?" பிறகு, "பெட்டி பழுதாப் போச்சோ? சரி, தம்பி என்ன செய்யிறது" என்றாள். முடிச்சை இறுக்கிவிட்டு மெதுவாக, "நான் அவளோடை கதைச்சதும் போச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

அப்போதுதான் அழுதாள். செத்தவீட்டில் அழாதவள்.

போன் அவளுடைய மடியிலேயே கிடந்து அடித்தது. மகள்தான். அந்த நேரத்துக்குத்தான் எடுப்பாளாம். இவள் எடுக்கவில்லை. அடித்து நின்று, மறுபடி அடித்தது. "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ" என்று போனை என் கையில் தந்துவிட்டாள். நான் போனில் கதைக்கிறதில்லை. யார் எடுத்தாலும் மருமகளிடம் கொடுத்துவிடுவேன். அதற்குள் அந்தப் பிள்ளையின் முகம் வந்துவிட்டது. தலைக்குத் தொப்பி போட்டு, எங்கேயோ பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"பெரியம்மா? அம்மா எங்கை?"

"இஞ்சைதான் இருக்கிறா." சொல்லிவிட்டேன். வீடியோ கும்பத்தோடு நின்றுவிட்டது, மிச்சம் கிடைக்காது என்று.  பின்னால் பஸ் ஒன்று வந்து நின்றது, போனது. அவள் ஏறவில்லை.

"பெரியம்மா, நீங்கள் அம்மாவுக்குப் பக்கத்திலை இருந்தனீங்களாம். அம்மா என்ன சொன்னவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

போனில் கதைக்கத்தான் எனக்கு வராது. ஆனால் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டல்லவா சொன்னாள்.

"முதல் உன்னட்டைச் சாப்பிட்டியோ எண்டு கேட்டவ. பிறகு அப்பாவின்ரை காலைப் பார் பிள்ளை, வீக்கம் எல்லாம் வத்தீட்டுது எண்டு சொன்னவ. காலிலை கிடந்த துணியை விலக்கிக் காட்டினவ. உன்ரை மாமா என்ன விசரோ எண்டு ஏசினவர். அவ கேக்கேல்லை. பிள்ளை பாக்கவேணும் எண்டு சொல்லித் திரும்பவும் விலக்கினவ."

"நான் அப்பிடிச் செய்தனானோ?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். கண்ணைத் துடைக்க மறந்து என்னைப் பார்த்தாள்.

"செய்தனி."

"பிறகு, பெரியம்மா?"

"பிறகு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி எண்டு சொன்னவ. அப்பாவுக்கு அந்த நீலக்கரை வேட்டிதான் கட்டினது எண்டு சொன்னவ."

"நீலக்கரை இல்லை அக்கா, பச்சைக்கரை."

"நீலம்."

"என்ரை மனிசன்ரை வேட்டி எனக்குத் தெரியாதோ? பச்சை."

போனுக்குள் அந்தப் பிள்ளை அழுதபடி சிரித்தாள். பிறகு கேட்டாள், "எடுத்துக்கொண்டு போகேக்கை என்ன சொன்னவ? கடைசியா?"

அங்கேதான் நான் நின்றுபோனேன். எடுக்கிற நேரம் பறை உரத்து அடித்தது. பெண்கள் குழறினார்கள். தாய்க்காரி கமராவைப் பார்த்து நெடுநேரம் ஏதோ சொன்னாள். அவளுடைய வாய் அசைந்தது எனக்குத் தெரியும். என் கையை அவள் இறுக்கிய இறுக்கு இன்னும் தெரிகிறது. சொன்னது கேட்கவில்லை. கமராவுக்குக் கேட்டிருக்கும்.

ஏதாவது சொல்லலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உன்னை நினைத்துத்தான் சொன்னவ, கவலைப்படாதே எண்டவ, இப்படி ஏதாவது. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆறுதல். ஆனால் பாக்கிறா என்று முதலில் என் மகன் சொன்னதில் வந்ததுதானே இவ்வளவும்.

"அது எனக்குக் கேக்கேல்லைப் பிள்ளை. மேளச் சத்தம். நிறையக் கதைச்சவ. ஒண்டும் கேக்கேல்லை."

அவள் தாயைக் காட்டச் சொன்னாள். நான் போனைத் திருப்பினேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, யோசிச்சுப் பாருங்கோ."

"பாக்கிறன் பிள்ளை" என்றாள் அவள்.

நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கை நோகத் தொடங்கியது. மற்றக் கைக்கு மாற்றினேன். அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.